அந்த அறைக்கு மட்டும்

"அந்த அறை ஹீட்டரை நிப்பாட்டுங்கோ எண்டு…"

"நிப்பாட்ட ஏலாது எண்டு எத்தினை தரம்…"

"கறண்ட் விக்கிற விலைக்கு வீடு முழுக்க விறைக்குது. பிள்ளையை அவளின்ரை அறையாலை கிளப்பிப்போட்டு, அங்கை மட்டும் சூடோ?" ரஞ்சினி கத்தினாள். வெளியே ஒஸ்லோவின் புருசெத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

கணவர் தவராசா அறைக்கதவை மறித்து நின்றார். "இந்தக் குளிரிலை செத்துப்போனால் அக்காவுக்கு என்ன பதில் சொல்லுறது? லண்டனுக்குப் போகேக்கை என்னை நம்பி விட்டிட்டுப் போனவ."

"அப்ப பில்லையும் உங்கடை அக்காவே கட்டட்டும்!"

"சத்தம் போடாதையும்!"

ஹோலில் ஜாக்கெட்டோடு படித்துக்கொண்டிருந்த மகள் சிந்துஜா எழுந்து வந்தாள். அப்பாவை விலக்கிக் கதவைத் திறந்தாள். ஹீட்டருக்குப் பக்கத்தில், பெரிய தொட்டியில், கறிவேப்பிலை மரம் கூரையை முட்டிக்கொண்டு பச்சைப்பசேலென்று நின்றது.

"குறொன்லாண்ட் கடையிலை ஒரு பிடி கறிவேப்பிலை என்ன விலை தெரியுமே?" தவராசா விடவில்லை. "இதாலை எங்களுக்கு எவ்வளவு மிச்சம்!"

சிந்துஜா போய்ப் போர்வையையும் தலையணையையும் அள்ளிவந்து தொட்டியடியில் எறிந்தாள்.

"இனி நானும் இஞ்சைதான், அப்பா. காலமை தண்ணி ஊத்தேக்கை எனக்கும் ஊத்துங்கோ!"