நேராகப் போகாத லொறி

"குடிச்சிருக்கிறியளோ?"

கசெற்றில் போன பாட்டை நிறுத்திவிட்டு, சுலோச்சனா கேட்டே விட்டாள். தோர்ண்டன் ஹீத் பெரிய ரோட்டில் லொறி இடப்பக்கம் ஒருதரம், வலப்பக்கம் ஒருதரம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

"காலமை பத்து மணிக்கோ?" என்றார் கணவர் நவரத்தினம், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி.

தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி போடும் பழைய லொறி அது. "உம்மட மனுசன்ர லொறி பாம்பு மாதிரிப் போகுதாம்" என்று கோயிலில் பெண்கள் காதைக் கடித்ததில், அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. அதுதான் இன்றைக்குத் தானே ஏறி வந்துவிட்டாள்.

"லொறியில பிழையெண்டா ஆருக்கும் காட்டுவமே?"

"லொறியில ஒண்டுமில்லை. காத்து."

வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

"கராஜுக்கு விடுங்கோ. காத்தோ, சாராயமோ எண்டு பாப்பம்."

கிறிஸ்துநாயகத்தின் கராஜில் அவளையே ஸ்டியரிங் பிடிக்க இருத்தினார்கள். கிறிஸ்துநாயகம் லொறிக்கு அடியில் படுத்தார்.

"தங்கச்சி, அங்கையும் இஞ்சையும் மெல்ல ஆட்டுங்கோ."

அவள் ஆட்ட, அவர் ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு முன்சில்லுகள் இரண்டுக்கும் நடுவே டேப் பிடித்து அளந்தார். சிரித்துக்கொண்டே எழும்பி வந்தார்.

"மூட்டெல்லாம் புதுசு, ஆட்டமில்லை. மாத்தின ஆள் சில்லை நேராக்காமல் விட்டிட்டார். கோவிச்சுக்கொண்ட புருசன் பெண்சாதி மாதிரி ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் பாக்குது. பிறகெப்பிடி லொறி நேர போகும்?"

சுலோச்சனாவுக்குச் சந்தோசமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"பாத்தியளோ அண்ணை! இந்த மனுசனை எல்லாரும் குடிகாரன் எண்டினம். எந்த மொக்கன் செய்த வேலை இது? பேரைச் சொல்லுங்கோ, கோயிலில வைச்சு நாறடிக்கிறன்!"

நவரத்தினம் கூரையைப் பார்த்தார். "மறந்துபோச்சு."

"லொறி திருத்தின இடம் மறக்குமோ?"

"விடுமன், சுலோ."

"சொல்லாட்டி நான் இறங்கமாட்டன்."

அவர் யன்னலுக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உம்மட தம்பி லதீசன்தான். புதுசா கராஜ் திறந்தவனெல்லே? அவனுக்கு முதல் வேலை என்ர லொறி. இது வெளியில தெரிஞ்சா ஆர் அவனிட்டப் போவினம்? அவனிட்டத் தனியச் சொல்லுவம் எண்டிருக்க, நீர் இஞ்ச இழுத்துக்கொண்டு வந்திட்டீர்."

இத்தனை நாளும் இந்த மனிதர் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் தான் அவரை மோந்து பார்த்தது நினைவுக்கு வந்து, சுலோச்சனாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

மெல்ல இறங்கி, கிறிஸ்துநாயகத்துக்குப் பக்கத்தில் போனாள்.

"அண்ணை, சில்லை நேராக்கி விடுங்கோ. ஆரும் கேட்டா..." கணவரை ஒருதரம் பாவமாகப் பார்த்தாள். "இவர் குடிச்சுப்போட்டுத்தான் லொறி ஓடினவர் எண்டு சொல்லிவிடுங்கோ!"