கிழக்குச் சுவரில் பல்லி சொன்னது

விலைக்கு வந்த வீடு ஒன்றில் ஒரு பல்லி இருந்தது. கிழக்குச் சுவரில் முழ நீளத்துக்கு வெடித்திருந்த விரிசலில்தான் அதற்குக் குடித்தனம். வீட்டுக்காரர் சுவருக்கு வெள்ளையடித்து, விரிசலை மறைத்து முருகன் படம் போட்ட தினசரி காலண்டர் ஒன்றை மாட்டினார்.

"வாங்க வர்றவங்ககிட்ட சொல்லிடணும், பாவம்" என்றது பல்லி.

"உனக்கெதுக்கு ஊர் வம்பு? விரிசலைப் பூசிட்டா நீதான் தெருவுல நிப்பே" என்றது காலண்டர்.

பல்லிக்கு மனசு கேட்கவில்லை.

தெய்வசிகாமணியும் மனைவி வடிவும் வீடு பார்க்க வந்தார்கள். குழாயைத் திறந்து பார்த்தார்கள். ஜன்னலை ஆட்டிப் பார்த்தார்கள். தெய்வசிகாமணி சுவரைத் தட்டிக்கொண்டே காலண்டர் பக்கம் வந்ததும், பல்லி தொண்டை கிழியக் கத்தியது: "காலண்டரைத் தூக்கிப் பாருங்க! சுவர் வெடிச்சிருக்கு!"

அவர் கை நின்றுவிட்டது.

"ஏங்க, பல்லி சொல்லுது! கிழக்கால சொன்னா என்ன பலன்?" என்றாள் வடிவு.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதே காலண்டரின் அடியில் போட்டிருந்த பல்லி பலனைப் படித்தார். "மனை லாபமாம்."

"அப்புறம் என்னத்தைப் பாக்கறது? அட்வான்ஸைக் குடுத்துடுங்க."

"நான் அதைச் சொல்லலையே!" என்று பல்லி மறுபடியும் கத்தியது.

"கிருஷ்ணா, கிருஷ்ணா" என்று வடிவு விரலால் தரையைத் தட்டினாள்.

ஐப்பசி மழையில் சுவர் ஊறிக் காரை பெயர்ந்தது. காலண்டர் கீழே விழுந்தது. விரிசல் தெரிந்தது, உள்ளே பல்லியும் தெரிந்தது.

"இந்தச் சனியன் பேச்சை நம்பித்தானே வாங்கினோம்!" என்று தெய்வசிகாமணி விளக்குமாற்றை ஓங்கினார். பல்லி வாலைப் போட்டுவிட்டு ஓடியது.

வடிவு காலண்டரை எடுத்துத் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, எதிர்ச் சுவரில் மாட்டினாள்.