பள்ளத்தால் வருபவன்

தங்கமலர் இரண்டு கோப்பையில் மட்டும் தேத்தண்ணி ஊற்றினாள். ஒன்றைக் கணவன் சிவபாலனுக்கு முன்னால் வைத்தாள். மற்றதைத் தன் கையிலேயே பிடித்தபடி குசினிக் கதவடியில் நின்றுகொண்டாள்.

மேசைக்கு மறுபக்கம் இருந்த லோரன்ஸ் அதைக் கவனிக்காதவன் போல வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டென்மார்க்கின் இக்காஸ்ட்டில் ஒரு துணி ஆலையில் சிவபாலனுக்கும் அவனுக்கும் ஒரே ஷிப்ட். அங்கே மேற்பார்வையாளராக இருந்த ஸ்வென், அரசாங்கக் காட்டின் ஒரு துண்டைத் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து வேட்டைக்குக் குத்தகை எடுத்திருந்தார். வருகிற சனிக்கிழமை மான் வேட்டை. சுடுவதற்குத் துவக்கோடு யார் எங்கே நிற்பது, மானைக் கலைக்கிறவர்கள் எந்தப் பக்கத்தால் வருவது என்று திட்டம் போடும் வேலையை இந்த முறை சிவபாலனிடம் விட்டிருந்தார். தமிழர்களில் வேட்டை அனுமதி எடுத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

கலைக்கிற ஆட்களில் லோரன்சைச் சேர்த்ததும் சிவபாலன்தான். ஆலையில் இருந்த மற்றத் தமிழ்ப் பெடியள் அதை நம்பவில்லை. இருவரும் முகம் பார்த்துக் கதைக்காதது எல்லோருக்கும் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் ஊரில், சிவபாலனின் அண்ணனைத் துரோகி என்று சொல்லி ஓர் ஆயுத இயக்கம் வீட்டு வாசல் படலையிலேயே சுட்டுப் போட்டது. லோரன்ஸ் அப்போது அந்த இயக்கத்தின் முகாமில் இருந்தவன். சுட்டவனை யாரும் கண்ணால் காணவில்லை. ஆனாலும் சிவபாலனுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பிரேதத்தைத் தொடவே அயலவர்கள் பயந்த அன்று, தங்கமலரின் தம்பி மட்டும்தான் வந்து முன்னுக்கு நின்று எல்லாம் செய்தான். அடுத்த கிழமையே அவன் பிரான்சுக்குப் போய்விட்டான்.

போன வருடம் லோரன்ஸ் அகதியாக டென்மார்க் வந்து அதே ஆலையில் சேர்ந்தான். அந்த மாதத்தில்தான் சிவபாலன் வேட்டைப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினான்.

"கலைக்கிற ஆக்கள் ஆறு பேரும் வடக்கால வரிசையா இறங்க வேணும்," என்று சிவபாலன் பென்சிலால் கோடு இழுத்தான். "துவக்குக்காரர் தெற்கால, இந்தப் பாதையில நிப்பினம். நீர் கடைசி ஆள். இந்தப் பள்ளத்தால வாரும்."

லோரன்ஸ் மன்னார்க் காட்டில் தகப்பனோடு மான் வேட்டைக்குப் போனவன். பள்ளம் முழுக்க ஆளுயரத்துக்கு ஊசியிலைக் கன்றுகள் என்பதை வரைபடத்திலேயே கண்டுகொண்டான். அதன் வாயில் யார் துவக்கோடு நிற்பது என்று கேட்டான். தான்தான் என்று அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டான் சிவபாலன்.

"அதுக்குள்ளால வந்தா நான் உங்களுக்குத் தெரியமாட்டன், அண்ணை. மற்ற ஆக்களுக்கும் தெரியமாட்டன்."

"சத்தம் போட்டுக்கொண்டு வாரும். எனக்குக் கேக்கும்."

லோரன்ஸ் தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தான். சிவபாலனும் கண்ணை எடுக்கவில்லை. கதவடியில் நின்ற தங்கமலர் வரைபடத்தை எட்டிப் பார்த்தாள்.

"சரி," என்றான் லோரன்ஸ் கடைசியில். "நான் அதாலயே வாறன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அண்ணை, அதுக்கு முதல் உங்களோட ஒண்டு கதைக்க வேணும்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று தங்கமலர் குறுக்கே வந்தாள். அவனுடைய மேலங்கியைக் கொழுவியிலிருந்து எடுத்துக் கதிரை முதுகில் போட்டாள். வேறு ஆண்கள் வந்தால் அறைக்குள் போய்விடுகிறவள், லோரன்ஸ் வந்தால் மட்டும் அவன் வெளிக்கிடும் வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டாள். தன்னைவிட அவளுக்கு அவன் மேல் வெறுப்பு அதிகம் என்று சிவபாலன் நினைத்துக்கொள்வான். அதில் அவனுக்கு ஒரு ஆறுதலும் இருந்தது.

லோரன்ஸ் மேலங்கியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்து, "போட்டு வாறன், அக்கா," என்றான். அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.

திரும்பி வந்து வரைபடத்துக்கு முன்னால் நின்றாள். பள்ளத்தின் வாயில் புள்ளடி போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இதில நிக்கப்போறது நீங்களோ?"

"ஓம்."

"மானுக்கோ நிக்கிறியள்?"

சிவபாலன் பென்சிலைக் கீழே வைத்தான். இனி அவளிடம் மறைக்க ஒன்றும் இல்லை என்று நினைத்தான். டென்மார்க்கில் ஒவ்வொரு வருடமும் எங்கேயாவது ஒரு வேட்டைக்காரன் தவறுதலாக ஆளைச் சுடுகிறான் என்றும், கன்றுகள் அசைந்தது, மான் என்று நினைத்தேன் என்று சொன்னால் போதும் என்றும் சொன்னான். அண்ணனின் பெயரை ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்தினான். அவள் வந்து தன் கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தான்.

அவள் பிடிக்கவில்லை. லோரன்ஸ் இருந்துவிட்டுப் போன கதிரையில் இருந்தாள்.

"சனிக்கிழமை நீங்கள் போகக் கூடாது."

"நீ ஏன் அவனுக்காகக் கதைக்கிறாய்?"

"சுட்டது அவன் இல்லை. இயக்கம் அந்த வேலையைக் குடுத்தது தங்கட வேற ஒரு ஆளிட்ட. லோரன்ஸ் தடுக்கப் போய் அடி வாங்கினவன். அது தெரிஞ்சும் இவ்வளவு நாளும் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். அவன் உங்களுக்குச் சொல்லிப்போடுவான் எண்டுதான் காவல் நிண்டனான்."

சிவபாலன் எழும்பினான். "அப்ப ஆர்?"

தங்கமலர் வரைபடத்தை மெல்ல இரண்டாக மடித்தாள்.

"என்ர தம்பி."