நாக்கு வறண்ட மாமியார்

"ஒரு வாய் தண்ணி குடுடி, பாவி!" என்று மாமியார் கெஞ்சினார்.

"மூச்! எச்சிலைக்கூட முழுங்காம துப்புங்க அத்தை," என்றாள் மருமகள்.

வாசலில் நின்று இதைக் கேட்ட எதிர்வீட்டுக்காரிக்கு மனசு கேட்கவில்லை. மருமகள் குளிக்கப் போன நேரம் பார்த்து ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். மாமியார் ஒரே மூச்சில் காலி செய்தார்.

ஈரத்தலையோடு வந்த மருமகள் காலிச் செம்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கெடுத்தீங்களே அக்கா! அத்தை பவர்லிஃப்டிங் சாம்பியன். இன்னும் ஒரு மணி நேரத்துல போட்டிக்கு எடை பார்ப்பாங்க. நூறு கிராம் கூடினாலும் அடுத்த எடைப் பிரிவுக்குத் தள்ளிடுவாங்க!"

"தள்ளட்டுமே, அங்கேயும் ஜெயிச்சிட்டுப் போறாங்க," என்று எதிர்வீட்டுக்காரி சமாளித்தாள்.

"ஜெயிச்சா போறது என் பட்டம்! அந்தப் பிரிவு சாம்பியன் நான்தான்!"

மாமியார் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு செம்பு கொண்டாம்மா."