பொரிக்காத வடை

"வடைன்னா எண்ணெயில நீந்தணும். இது என்ன, தோசைக்கல்லுல படுத்துத் தூங்கி எழும்பி வந்திருக்கு?"

மாடசாமி ஒரு வாய் கடித்துவிட்டு மீதியைத் தட்டிலேயே வைத்தார். மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் ஆட்டோ ஓட்டுபவர். சவாரிக்குச் சவாரி கடை வடையும் சீனி போட்ட டீயுமாக வாழ்ந்து, சீனி வருத்தம் எனும் நீரிழிவைச் சம்பாதித்துக்கொண்டவர்.

"கடலைப்பருப்ப ஊறவச்சு, வெங்காயம், மிளகு, கருவேப்பிலை போட்டு அரைச்சு, ஒரு சொட்டு எண்ணெயில சுட்டது. இனிமே ஒங்க பத்து மணி டீக்கு இதுதான்" என்றாள் மனைவி சந்திரகாந்தா. "ரெண்டு மாசத்துல சீனி கொறையலன்னா டொக்டர் என்ன சொன்னாரு?"

"ஊசி" என்றார் மாடசாமி, சத்தமே இல்லாமல்.

"வேளா வேளைக்கு, வயித்துல. ஞாபகம் இருக்கட்டும்."

இரண்டு லொறிகளுக்கு நடுவே அஞ்சாமல் ஆட்டோவை நுழைக்கிற மனிதர், ஊசி என்றால் மட்டும் சின்னப்பிள்ளை ஆகிவிடுவார். வடை டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

பயம் பத்து மணி வரைக்கும்தான் இருந்தது. ஆட்டோ தரிப்பிடத்தில் பக்கத்து வீட்டு புஹாரி தன் டப்பாவைத் திறந்தார். அவருடைய மனைவி ஆதிபா பொன்னிறமாகப் பொரித்துக் கொடுத்திருந்த வடைகள் கமகமத்தன.

"புஹாரி நானா, டப்பாவ மாத்திக்குவமா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் மாடசாமி.

"வேணாம் தம்பி. ஒங்களுக்குச் சீனி. பாவம் என்னைய வந்து சேரும்."

"மூணு வடையில என்ன ஆயிரப்போவுது? வீட்டு ஆளுங்களுக்கு மட்டும் தெரியக்கூடாது."

புஹாரி நல்ல மனிதர். கெஞ்சுகிற ஆளிடம் 'இல்லை' என்று சொல்லத் தெரியாது. மாற்றிக்கொண்டார். சந்திரகாந்தாவின் வடையை ஒரு கடி கடித்ததும் அவருடைய முகம் கோணிப்போயிற்று.

ஆனால், மறுநாள் அவரே டப்பாவை நீட்டினார். "மாத்துங்க தம்பி." மாற்றி ஒரு கடி கடித்ததும், "இன்னைக்கு ஒங்க வீட்டு வடை அருமையா இருக்கே!" என்றார்.

'பாவம், நாக்கு செத்துப்போச்சு' என்று நினைத்துக்கொண்டு, மாடசாமி ஆதிபாவின் டப்பாவைக் காலி செய்தார். இரண்டு மாதமும் இப்படியே ஓடியது. "மிச்சம் வைக்காம சாப்பிட்டுட்டேன்" என்று மாலையில் காலி டப்பாவை நீட்டுவார். சந்திரகாந்தாவும் சந்தோஷமாக வாங்கிக் கழுவி வைப்பாள்.

கிளினிக் நாள் வந்தது. மாத்தளை ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்த மாடசாமிக்குத் திருட்டு வடை ஒவ்வொன்றும் கண்முன் வந்துபோனது. இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்த டொக்டர் நிமிர்ந்தார்.

"இருநூத்திப் பத்துல இருந்து நூத்தி இருபத்தஞ்சுக்கு வந்திருச்சே! ஊசி வேணாம். மாத்திரை போதும். வீட்டுல செய்யிறத அப்படியே செய்யச் சொல்லுங்க."

மாடசாமிக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வந்து சேரும்வரை ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தார்.

"பாத்தியா சந்திரா? நூத்தி இருபத்தஞ்சு!"

சந்திரகாந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சாமி காப்பாத்துச்சு. நான் சுட்ட வடையும்தான்."

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஊசியிலிருந்து தப்பிய குஷி அவரை விடவில்லை.

"ஒன் வடையா? மொத நாள் ஒரு கடி கடிச்சதோட சரி. அதுக்குப் பொறகு வாயிலயே வைக்கல! ரெண்டு மாசமா டப்பாவ மாத்தி நான் சாப்பிட்டது ஆதிபா ராத்தாவோட வடை. என்னா ருசி! கைமணம்னா அது கைமணம். பொரிச்ச வடையச் சாப்பிட்டே சீனியக் கொறைச்சவன் இந்த மாடசாமி. இனிமே ஒன் பத்திய வடைய நீயே சாப்பிடு!"

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தபடி வேலியோரம் போய்க் குரல் கொடுத்தாள்.

"ஆதிபா ராத்தா! மொத நாளே புஹாரி நானா ஒங்ககிட்ட ஒளறுனத, இவரு இன்னைக்குத்தான் ஒத்துக்கிட்டாரு. நாளையில இருந்து ஒங்க வடைய ஒங்க வீட்டு டப்பாவுலயே போடுங்க. நானும் என் வடைய எங்க வீட்டு டப்பாவுலயே போட்டுர்றேன்!"