படத்தில் இருக்கும் பையன்

"இந்தப் படம் உங்க கடையில எடுத்ததுதானே?"

ஞானதாஸ் நிமிர்ந்தார். மேசை முழுக்க முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாப் படங்கள். பந்தியில் உட்கார்ந்தவர்களில் யாருக்கு எத்தனை பிரதி என்று பிரித்துக்கொண்டிருந்தார். எதிரே ஐம்பது வயதுள்ள ஓர் அம்மாள் நின்றிருந்தாள். ஆடிக் காற்றில் ரோட்டுப் புழுதியும் அவளோடு ஸ்டுடியோவுக்குள் நுழைந்திருந்தது.

படத்தை வாங்கிப் பார்த்தார். பின்பக்கம் அவருடைய ஸ்டுடியோ முத்திரை. முன்பக்கம் கோட் போட்ட ஒரு வாலிபன்.

"ஆமா, நான் எடுத்ததுதான். என்ன விஷயம்மா?"

"எனக்குச் சின்னாளப்பட்டிப் பக்கம். என் மகளுக்கு இந்தப் பையனைச் சொல்றாக. பேரு கிளெமென்ட்டாம், வாத்தியாராம். படத்துல ராசா மாதிரி இருக்காரு. நேர்ல எப்படின்னு படம் பிடிச்ச உங்களுக்குத்தானே தெரியும்? மறைக்காமச் சொல்லுங்கண்ணே."

ஞானதாஸ் படத்தை மேசையில் வைத்தார். எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"உக்காருங்கம்மா. தொழில் ரகசியம், வெளிய சொல்லக்கூடாது. ஆனா நீங்க பொண்ணப் பெத்தவுக. பையன் எம்புட்டு உயரம் இருப்பாருன்னு நினைக்கிறீக?"

"ஆறடி இருக்கும்போல."

"ஸ்டூல் மேல நிக்க வச்சேன். இடுப்புக்குக் கீழ படத்துல வரலைல்ல?"

"ஆத்தாடி! அப்ப அந்தக் கோட்டு?"

"கடைக் கோட்டு. வாரவுக எல்லாருக்கும் அதுதான்."

"முடி சுருள் சுருளா நல்லா இருக்கே?"

"முன்னால இருக்கிறது மட்டுந்தான் இருக்கு. உச்சி பூராம் வழுக்கை. கேமரா முன்னாலதானே நிக்குது?"

அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று ஞானதாசுக்குச் சங்கடமாகிவிட்டது.

"கண்ணு?" என்றாள், தலைப்பை எடுக்காமலே.

"இடது கண்ணு ஓரமாப் போகும். நெகட்டிவ்ல பென்சில் வச்சு நான்தான் நேராக்குனேன். ரெண்டு நாள் வேலை."

"கடைசியா ஒண்ணு கேக்குறேன். குடி கிடி உண்டா?"

ஞானதாஸ் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அப்படிச் சொன்னா பாவம்மா. தங்கமான பிள்ளை. அம்புட்டுப் பணிவு. ஆனா பணிவை வச்சு என்ன செய்ய? உங்க பொண்ணு கோயிலுக்குப் போகும்போது கூடவே ஸ்டூலையுமா தூக்கிட்டுப் போகும்?"

"நல்ல வேளை, தப்பிச்சேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிர வேண்டியதுதான்."

"இன்னைக்கே சொல்லிருங்க. நான் சொன்னதா மட்டும் வெளிய வரவேண்டாம்."

கும்பிட்டுவிட்டு அவள் போனாள். ஞானதாஸ் சீட்டியடித்துக்கொண்டே மறுபடி திருவிழாப் படங்களைப் பிரிக்க உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததிலிருந்து அவர் மனைவி ஜெயமேரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகள் ரூபியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"ஏங்க, நல்ல வரனுன்னா நாலு பேரு போட்டிக்கு வருவாகளே. நமக்கு அமையுமா?"

"போட்டிக்கு ஒருத்தர் வந்தாக. திருப்பி அனுப்பிட்டேன்" என்று மீசையைத் தடவினார் ஞானதாஸ்.

"நீங்க எப்படி..."

"நீ வடையைப் பாரு. கருகுது."

வாசலில் கார் வந்து நின்றது. முதலில் தரகர் சூசை வந்தார். அடுத்து, வாசல் நிலையில் தலை இடித்துவிடாமல் குனிந்து உள்ளே வந்தான் கிளெமென்ட். குனிந்த தலையின் உச்சியிலும் சுருள் முடி அடர்ந்திருந்தது. கண்கள் இரண்டும் நேராக ஞானதாசைப் பார்த்துச் சிரித்தன.

போன மாதம் அவன் படம் எடுக்க வந்த அன்றே, இவன்தான் என் மருமகன் என்று முடிவு கட்டிச் சூசையைத் தூது விட்டவர் ஞானதாஸ். பையன் வீட்டாரை அவர் பார்த்ததில்லை. பேச்சு எல்லாம் சூசை மூலமாகத்தான்.

"வாங்க தம்பி, வாங்க! அம்மா வரலையா?"

"பின்னால வாராங்க மாமா."

பின்னால் வந்தவளைப் பார்த்ததும், ஞானதாஸ் கும்பிடத் தூக்கிய கை பாதியில் நின்றுவிட்டது. சின்னாளப்பட்டி அம்மாள்!

அவள் நாற்காலியில் உட்கார்ந்து வடையைத் தின்றாள். ரூபி காப்பி கொண்டு வந்தாள். கிளெமென்ட்டும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஞானதாசுக்கு மட்டும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எந்த நிமிஷம் அந்த அம்மாள் எழுந்து போவாளோ?

காப்பி டம்ளரை வைத்துவிட்டு அவள் எழுந்தாள். நேராக அவரிடம் வந்தாள்.

"பொண்ணோட அப்பா எப்படின்னு பாக்கத்தாண்ணே அன்னைக்கு வந்தேன்" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "எம் மவனை இம்புட்டு ஆசைப்பட்டு யாரும் கேட்டதில்ல. எங்களுக்குப் பூரண சம்மதம். ஆனா, இன்னும் ரெண்டு வீட்டுல இவனைக் கேட்டு விடமாட்டேங்கிறாக. நாளைக்கு உங்க கடைக்கு அனுப்பி வைக்கிறேன், அவுககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க!"