வலப்பக்கத்து ஊற்று

அவர் தலை குனிந்து, இதழ்களைக் கண்ணாடிக் குழாயின் விளிம்பில் பொருத்திக்கொண்டார்.

"அஞ்சு நிமிஷம், சார். வாயில ஊறினா இதுல விட்டுடணும். முழுங்கிடக் கூடாது. அது ஒண்ணுதான் கண்டிஷன்," என்றாள் செவிலி பியூலா.

பக்கத்து நாற்காலியில் தண்ணீர் பாட்டிலோடு அமர்ந்திருந்த அவர் மனைவி சிரித்தாள்.

"அவருக்கா சொல்லிக் குடுக்கறீங்க? முப்பத்திரண்டு வருசம் துப்பித் துப்பியே சம்பளம் வாங்குனவருங்க."

மெய்தான்.

குன்னூரில், ஏலத்துக்கு வரும் தேயிலையின் சாற்றைச் சுவைத்துத் தரம் சொல்வது அவர் தொழில். நாளொன்றுக்கு இருநூறு கிண்ணம். ஒரு கரண்டி உறிஞ்சுவார். நாவில் உருட்டுவார். உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். ஒரு துளியும் தொண்டையைத் தாண்டியதில்லை.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது.

முப்பத்து மூன்று நாள் கதிர் பாய்ச்சினார்கள். புற்று அடங்கியது. அதனோடு வாயின் நீரும் அடங்கிவிட்டது.

பதினான்கு மாதம்.

சோறு மணலாயிற்று. நா அண்ணத்தில் ஒட்டியது. தேநீரில் சூடு மட்டுமே தெரிந்தது. நாவுக்குச் சுவையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நீரே என்று அப்போதுதான் அறிந்தார்.

மூன்று மாதங்களுக்கு முன், கோவையில் இதே மருத்துவமனையில், அவருடைய இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். அதிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து, வளர்த்து, வலக் காதுக்குக் கீழே, வறண்ட சுரப்பிக்குள் செலுத்தினார்கள். ஸ்டெம் செல் என்றார் மருத்துவர். பிடித்தால் ஊறும் என்றார். பிடிக்காமலும் போகலாம் என்றார்.

அவரோடு இந்தச் சோதனைச் சிகிச்சையில் சேர்ந்த எண்மரில் ஐவர் வறண்ட குழாயைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியிருந்தார்கள்.

இன்று குழாயில் நீர் கண்டால் இடப்பக்கத்துக்கும் ஊசி உண்டு. காணாவிட்டால் பட்டியலிலிருந்து அவர் பெயரும் நீங்கும்.

தொழிலுக்குத் திரும்பும் ஆசைகூட இல்லை. ஒரு வாய் சோறு, தண்ணீரின் துணையின்றி உள்ளே இறங்க வேண்டும். அவ்வளவே.

பியூலா கடிகாரத்தை அழுத்தினாள்.

ஒரு நிமிடம்.

குழாய் வறண்டிருந்தது.

இரண்டு.

கண்களை மூடினார். வேண்டுதல் எதுவும் எழவில்லை. வேண்டுவதற்கும் நாவில் ஈரம் தேவைப்பட்டது.

மூன்று.

வலக் காதின் கீழ் ஏதோ சுருக்கென்றது.

புளியைக் கண்ட குழந்தைக்குக் கன்னம் கூசுமே, அப்படி.

கன்னத்தின் உட்புறத்தில் ஒரு துளி பிறந்தது.

வெதுவெதுப்பாக. யாரும் புகட்டாததாக.

கடைவாய்ப் பல்லின் ஓரமாய் இறங்கி, நாவின் அடியில் வந்து தங்கியது.

எலும்பின் இருளில் கிடந்தவை அந்தக் குருத்தணுக்கள். வாயை ஒருநாளும் கண்டறியாதவை. சோற்றின் மணமும் சொல்லின் ஓசையும் தீண்டியிராதவை. எரிந்த நிலத்தில் இறக்கிவிடப்பட்டதும், இங்கே வேண்டப்படுவது நீர் என்று அவை எவ்வாறு அறிந்தன? தாமே நீர் சுரந்தனவோ, உறங்கிக் கிடந்த சுரப்பியைத் தொட்டு எழுப்பினவோ, மருத்துவருக்கும் தெரியாது. எவன் அவற்றின் செவியில் ஓதினான்?

அவருக்கு மெய் சிலிர்த்தது.

துளி நாவின்மேல் ஏறியது. அதற்குச் சுவை இருந்தது. இத்தனை ஆண்டுகளில் அவர் பெயரிட்டிராத சுவை.

விழுங்கிவிட்டார்.

"சார்!"

பியூலா கடிகாரத்தை நிறுத்தினாள். "அவ்வளவு சொல்லியும் முழுங்கிட்டீங்களே! குழாய்ல ஒண்ணுமே இல்ல. நான் என்னன்னு எழுத? சைபர்னுதான் எழுதணும்."

அவர் விழித்தார். எந்தக் கிண்ணத்திலும் நேராத பிழை. விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஓர் ஐயம் குறுக்கிட்டது. இருந்ததே அந்த ஒரு துளிதானோ? அதையும் உண்டு தீர்த்துவிட்டோமோ?

மனைவி எழுந்து நின்றிருந்தாள். அவள் பார்வை அவர் கழுத்தில் இருந்தது.

தண்ணீர் இல்லாமல் அந்தக் குரல்வளை ஏறி இறங்கியதைப் பதினான்கு மாதமாக அவள் கண்டதில்லை.

"எழுதாதீங்க கண்ணு," என்றாள். "வெறும் வாயில என்னத்த முழுங்குவாங்க?"

பேனா நின்றது. பியூலா அவரைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பூச்சியத்துக்குத் திருப்பினாள்.

"இன்னொரு தடவைதாம்மா. அதுக்கு மேல எனக்குப் பர்மிஷன் இல்ல."

அவர் மீண்டும் குனிந்தார்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நான்கு.

வறட்சி.

பேனா தாளை நெருங்கியது.

அப்போது கன்னம் மறுபடி கூசியது.

வந்தது.

தொண்டை அதைக் கேட்டது. பதினான்கு மாதத் தாகமும் திரண்டு, வாசலில் நின்று கேட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. மனைவி அவர் தோளைப் பற்றிக்கொண்டாள்.

இதழ் திறந்தார்.

துளி இறங்கியது. விழவில்லை. மெல்லிய இழையாய் நீண்டு, உதட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அறாமல் நின்றது. சன்னல் வெயில் அதன் வழியே ஏறி இறங்கியது.

கடிகாரம் ஒலிக்கத் தொடங்கியது.

ஒலித்துக்கொண்டே இருந்தது.

நிறுத்த ஒரு கையும் எழவில்லை.